பெக்கோ மொனிட்டரில் கோட் விழுந்தால் என்ன செய்வது?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் போஷாக்கு, குடிதண்ணீர், சேமலாப நிதி என்றுதான் எழுதுவோம். இந்த முறை பெக்கோ இயந்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். நலன்புரி உத்தியோகத்தருக்கும் பெக்கோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

நமது கொத்மலை, பூண்டுலோயா, தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் பெக்கோ ஓட்டுகிற பிள்ளைகள் நிறையப் பேர். கொழும்பிலே, மட்டக்களப்பிலே, வெளிநாட்டிலே என்று போய் ஓட்டுகிறார்கள். சில குடும்பங்கள் ஒரு படி மேலே போய் சொந்தமாகப் பழைய இயந்திரம் வாங்குகிறார்கள். அம்மாவின் சேமலாப நிதி, அப்பாவின் சேவைக்காலப் பணம், அக்காவின் நகை அடகு, மிச்சத்துக்கு லீசிங். நாற்பது வருசம் கொழுந்து எடுத்த காசு அப்படியே ஒரு மஞ்சள் இயந்திரத்துக்குள்ளே போய் உட்கார்ந்து விடுகிறது. பிறகு ஒரு நாள் மொனிட்டரில் ஒரு எண் விழுகிறது. வருகிற மெக்கானிக் பார்த்துவிட்டு, "பம்ப் போச்சு தம்பி, மாத்தணும்" என்கிறார். பம்ப் விலை லட்சக்கணக்கில். மாற்றிய பிறகும் அதே எண் திரும்ப விழுகிறது. அந்த மாதத்து லீசிங் காசு கட்ட முடியாமல் கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லி என்னிடம் கொண்டு வருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஒப்பரேட்டர் பிள்ளைகளிடமும் நல்ல மெக்கானிக்மாரிடமும் கேட்டு, கைநூல்களைப் பார்த்து அறிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். பெக்கோ என்று நாம் சொல்வது பெரும்பாலும் சங்கிலிச் சக்கரத்தில் ஓடுகிற, மேல்பாகம் முழுவதும் சுற்றுகிற மண்வெட்டும் இயந்திரத்தை. அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

எண் எங்கிருந்து வந்தது?

கொத்மலை அணைக்கட்டு வேலை 1979இல் தொடங்கி 1985இல் முடிந்தது. சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த வேலை. அந்தக் காலத்து இயந்திரங்களுக்குக் கோட் என்று ஒன்று கிடையாது. இஞ்சினில் வருத்தம் என்றால் புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள், சத்தத்தைக் கேட்பார்கள், டிப்ஸ்டிக்கை மணந்து பார்ப்பார்கள். டீசல் பம்ப் முழுவதும் இரும்பு வேலைதான். வயர் என்றால் ஸ்டார்ட்டருக்கும் லைட்டுக்கும் மட்டும்.

1990களில் வந்த கொமட்சு பிசி200-6 போன்ற இயந்திரங்களில் கொம்பியூட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆனால் அது ஹைட்ரோலிக் பம்பையும் திரொட்டிலையும்தான் பார்த்தது. டீசல் பம்ப் பழைய மாதிரியே இருந்தது. 2006, 2007 வாக்கில் வந்த பிசி200-8, ஹிட்டாச்சி இசட்எக்ஸ்200-3, கேட்டர்பில்லர் 320டி போன்றவற்றில் நிலைமை மாறிவிட்டது. புகைச் சட்டங்கள் கடுமையானதால் 'கொமன் ரெயில்' என்ற முறை வந்தது. ஒரு பம்ப் டீசலை ஆயிரம் பாருக்கும் மேலான அமுக்கத்தில் ஒரு தடித்த குழாயில் நிரப்பி வைக்கும். அதுதான் ரெயில். கார் டயரில் இருக்கும் காற்று ஏறக்குறைய இரண்டு பார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ரெயிலிலிருந்து எந்த இஞ்செக்டர் எந்த நொடியில் எவ்வளவு டீசல் விட வேண்டும் என்பதைக் கொம்பியூட்டர் தீர்மானிக்கிறது. தீர்மானிக்க வேண்டுமானால் அதற்குக் கண், காது வேண்டும். அந்தக் கண்ணும் காதும்தான் சென்சர்கள்.

2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் வேலை முடிந்தபோதும் சரி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையெல்லாம் சரிந்து பாதை மூடிய நேரத்திலும் சரி, நாம் கண்ட பெக்கோக்கள் நம்பி இருந்தது இந்தச் சென்சர்களை. ஒரு சின்ன வயர் அறுந்தால் இருபது தொன் இயந்திரம் படுத்துவிடும் காலம் இது.

தராசா, கொழுந்தா?

கோட் என்றால் என்ன என்பதை நம் வேலையை வைத்தே சொல்லலாம். பின்னேரம் கொழுந்து நிறுக்கிறோம். தராசு 12 கிலோ காட்டுகிறது. நீங்கள் 18 எடுத்ததாக நினைக்கிறீர்கள். இப்போது இரண்டில் ஒன்று. ஒன்று, கொழுந்து உண்மையிலேயே குறைவு. அல்லது தராசில் பிழை. நிறுக்கிறவர் புத்தகத்தில் 12 என்றுதான் எழுதுவார். அவருக்குத் தராசு சொன்னதுதான் தெரியும்.

இஞ்சின் கொம்பியூட்டரும் அப்படித்தான். ஒயில் பிரஷர் குறைவு என்று கோட் போட்டால், பிரஷர் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அல்லது சென்சர், வயர், கனெக்டர் ஏதாவது ஒன்று பொய் சொல்லியிருக்கலாம். கோட் என்பது 'இந்தப் பக்கம் பார்' என்று காட்டுகிற விரல். 'இந்தச் சாமானை மாற்று' என்று சொல்கிற கட்டளை இல்லை. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி நட்டம் குறையும்.

பெரும்பாலான சென்சர்களுக்குக் கொம்பியூட்டர் 5 வோல்ட் கரண்ட் கொடுக்கிறது. நல்ல நிலைமையில் திரும்பி வருகிற அளவு அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கும். 5க்கு முட்டிவிட்டால் 'அதிகம்' என்றும், பூச்சியத்துக்கு விழுந்துவிட்டால் 'குறைவு' என்றும் ஒரு கோட் போடும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். 'தண்ணீர்ச் சூட்டுச் சென்சர் அதிகம்' என்று வந்தால் தண்ணீர் கொதிக்கிறது என்று அர்த்தம் இல்லை. சென்சர் வோல்ட் அதிகம் என்றுதான் அர்த்தம். வயர் அறுந்தாலும் அப்படித்தான் வரும். உண்மையான கொதிப்புக்கு வேறு கோட் இருக்கிறது.

இரண்டு பாகம் உள்ள எண்

ஹிட்டாச்சி, கேட்டர்பில்லர் போன்ற பல இயந்திரங்களில் கோட் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு எண்ணாக வரும். முதல் எண் எந்த உறுப்பு என்று சொல்லும். இரண்டாவது எண் அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லும். முதல் எண்ணில் 100 என்றால் இஞ்சின் ஒயில் பிரஷர், 110 என்றால் தண்ணீர்ச் சூடு, 157 என்றால் ரெயில் பிரஷர், 168 என்றால் பற்றரி வோல்ட், 190 என்றால் இஞ்சின் வேகம். இரண்டாவது எண்ணில் 3 என்றால் வோல்ட் அதிகம், 4 என்றால் வோல்ட் குறைவு, 5 என்றால் வயர் தொடர்பு அறுந்தது போல. 0 என்றால் உண்மையான அளவே ஆபத்தான அளவுக்குக் கூடிவிட்டது, 1 என்றால் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஆகவே 110-3 என்று வந்தால் முதலில் வயரைப் பாருங்கள். 110-0 என்று வந்தால் இயந்திரத்தைப் பாருங்கள், அது நிஜமாகவே கொதிக்கிறது. கடைசியில் இருக்கும் ஒரே ஒரு எண்ணில் தராசா கொழுந்தா என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் நம் பிள்ளைகள் டெலிபோனில் மெக்கானிக்குக்குச் சொல்லும்போது, "அண்ணே, 110 விழுந்திருக்கு" என்று பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

கொமட்சு பிசி200-8இல் மொனிட்டரில் முதலில் விழுவது ஈ என்ற எழுத்தோடு வரும் சின்னக் கோட். ஈ02 ஹைட்ரோலிக் பம்ப் கட்டுப்பாடு, ஈ03 சுற்றுகிற பிரேக், ஈ10 இஞ்சின் கொம்பியூட்டருக்குக் கரண்ட் போகவில்லை, ஈ11 இஞ்சினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் குறைத்திருக்கிறது, ஈ15 சென்சர்களில் ஏதோ ஒன்று. இந்தச் சின்னக் கோட் ஒப்பரேட்டருக்கானது. மெக்கானிக்குக்கு வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் நீளமான கோட். இஞ்சின் சம்பந்தமானது சிஏ என்று தொடங்கும். சிஏ144 தண்ணீர்ச் சூட்டுச் சென்சர் வோல்ட் அதிகம், சிஏ145 அதே சென்சர் வோல்ட் குறைவு, சிஏ441 பற்றரி வோல்ட் குறைவு, சிஏ559 ரெயில் பிரஷர் குறைவு, சிஏ2249 ரெயில் பிரஷர் மிகவும் குறைவு. அந்த இஞ்சின் அமெரிக்கக் கமின்ஸ் குடும்பத்து இஞ்சின். அதனால் சிஏக்குப் பிறகு வரும் எண் கமின்ஸ் கோட் எண்ணோடு ஒத்துப்போகும். கமின்ஸ் தெரிந்த லொறி மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் புரியும்.

பம்ப் போச்சா?

குடும்பங்களை அதிகமாகக் கடன்காரராக்குவது ரெயில் பிரஷர் குறைவு என்ற கோட்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரெயிலில் பிரஷர் ஏற வேண்டுமானால் முதலில் பம்புக்கு டீசல் வர வேண்டும். டாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பாதையில் எங்கே தடை வந்தாலும், எங்கே காற்று புகுந்தாலும் இதே கோட்தான் விழும். எனவே மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும். டாங்கியில் டீசல் எவ்வளவு? தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா? பில்டர் எத்தனை மணி ஓடியது? டாங்கி மூடியில் காற்றுப் போகிற துளை அடைபட்டதா? இதைப் பார்க்க எளிய வழி உண்டு. மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினால் சரியாகிறதா என்று பாருங்கள். டாங்கி அடியில் உள்ள வலையில் சேறோ துணியோ சிக்கியிருக்கிறதா? இழுக்கிற பக்கத்து ரப்பர் குழாயில் வெடிப்பு, கிளிப்பில் தளர்வு உண்டா? இழுக்கிற பக்கம் டீசல் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் வெளியே காய்ந்திருப்பதைப் பார்த்து நல்லது என்று நினைக்கக் கூடாது.

இதெல்லாம் சரி என்றால்தான் அடுத்த படி. நல்ல மெக்கானிக் இஞ்செக்டர்களிலிருந்து டாங்கிக்குத் திரும்பிப் போகிற டீசலின் அளவை அளந்து பார்ப்பார். ஒரு இஞ்செக்டர் தேய்ந்து அதிகமாகத் திருப்பி விட்டாலும் ரெயிலில் பிரஷர் நிற்காது. ரெயிலில் உள்ள பாதுகாப்பு வால்வ் ஒழுகினாலும் நிற்காது. இவ்வளவும் பார்த்த பிறகு கடைசியாகத்தான் பம்ப். பம்ப் கெடுவதே இல்லை என்று சொல்லவில்லை, கெடும். ஆனால் முதல் வார்த்தையிலேயே பம்ப் என்று சொல்கிற மெக்கானிக்கிடம், "எதை அளந்து பார்த்தீங்க அண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்க வீட்டில் உள்ள எவருக்கும் உரிமை உண்டு.

நம் மலைநாட்டுக்கென்று தனியாக மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது சரிவு. கால் டாங்கி டீசலோடு செங்குத்தான சரிவில் நின்று மண் வெட்டினால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், இழுக்கிற குழாய் காற்றைக் குடிக்கும், கோட் விழும். சமதரைக்கு வந்ததும் கோட் மறைந்துவிடும். சரிவில் மட்டும் வருகிறது என்று ஒப்பரேட்டர் சொன்னால் மெக்கானிக்குக்கு அது பெரிய துப்பு.

இரண்டாவது குளிர். இராக் குளிரில் பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் பனி வேர்த்துத் தண்ணீராக இறங்கும். தண்ணீர் கொமன் ரெயில் பம்புக்கும் இஞ்செக்டருக்கும் நஞ்சு. வேலை முடிந்து நிறுத்தும்போது டாங்கியை நிரப்பி வைத்து, காலையில் தண்ணீர்க் கிண்ணத்தைத் திறந்து விடுகிற பழக்கம் இருந்தால் போதும்.

மூன்றாவது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், கலப்பட டீசல். 2022இல் டீசல் வரிசை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கலன், பீப்பாய், பழைய ஒயில் கேன் என்று கிடைத்ததிலெல்லாம் டீசல் சேர்த்து வைத்தோம். டீசல் லீற்றர் 400 ரூபாவைத் தாண்டி நின்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. அந்த வருசம் ஆகஸ்டில்தான் அது 340 ஆனது. கலக்க ஆசை வராமல் இருக்குமா? பழைய பிசி200-6 அதைத் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கொமன் ரெயில் பம்புக்கு டீசலேதான் ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசித் தூள் விழுந்தால் அந்தத் தூள் இஞ்செக்டர் வரைக்கும் போகும். அந்தக் காலத்தில் ஓடிய இயந்திரத்தை இன்று வாங்குகிறவர் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

ஒரு எச்சரிக்கை. இஞ்சின் ஓடும்போது ரெயில் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய பழக்கத்தைக் கொமன் ரெயிலில் செய்யவே கூடாது. ஊசி மாதிரி வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். கசிவைத் தேடக் கையை நீட்டாமல் ஒரு கார்ட்போட் மட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்படி அடிபட்டவரை மஞ்சள் வைத்துக் கட்டி வீட்டில் படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பொய் சொல்கிற கோட்

ஒரே நேரத்தில் ஐந்தாறு கோட் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாமல் விழுந்தால் இஞ்சினைத் தொடாதீர்கள். பற்றரியைப் பாருங்கள். இந்த இயந்திரங்கள் 24 வோல்ட். இரண்டு பற்றரி சேர்த்தது. இஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 27க்கும் 29க்கும் இடையில் காட்ட வேண்டும். பற்றரி முனையில் வெள்ளைப் பூப் பூத்திருந்தாலோ, உடம்போடு இணைகிற எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ கொம்பியூட்டருக்குப் போதிய வோல்ட் போகாது. போகாவிட்டால் அது கண்டபடி உளறும்.

அடுத்தது ஈரம். நம் பக்கத்து மூடுபனியும் மழையும் கனெக்டருக்குள்ளே புகுந்து பச்சையாகக் களிம்பு பிடிக்கும். மழை நாளில் வந்து வெயில் நாளில் மறைகிற கோட் பெரும்பாலும் கனெக்டர்தான். சாவியை அணைத்துவிட்டுக் கழற்றி, அதற்கென்று விற்கிற ஸ்பிரே அடித்துக் காயவைத்து மாட்ட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சுப் போய் இன்னும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும்.

எலியையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் வேலை இல்லாமல் லயத்துப் பக்கம் நிறுத்தி வைத்த இயந்திரத்தில் எலி குடும்பம் நடத்தும். வயரைக் கடிக்கும்.

பக்கெட்டில் பல் வைக்க வெல்டிங் பிடிக்கும்போது பற்றரி வயரைக் கழற்றாமல் பிடிப்பதும் நம்மூரில் சர்வசாதாரணம். வெல்டிங் கரண்ட் வந்த வழியே கொம்பியூட்டருக்குள் போனால் அதற்கு மருந்து இல்லை, புதுசுதான். இரண்டு நிமிட வேலை, கழற்றிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பையும் வெல்டிங் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்ச் சூட்டுச் சென்சர் போல இரண்டு வயர் மட்டும் உள்ள சூட்டுச் சென்சருக்கு ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. இஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டுப் பார்ப்பது. 110-4 நிற்கிறது என்று வையுங்கள். சாவியை அணைத்து, சென்சர் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி சாவி போடுங்கள். கோட் 110-3 என்று மாறினால் வயரும் கொம்பியூட்டரும் நல்லது, சென்சர்தான் கெட்டது. மாறாமல் 4 என்றே நின்றால் சென்சரை வாங்காதீர்கள், வயர் எங்கேயோ உரசி உடம்பில் படுகிறது. ஒரு சதம் செலவில்லாத சோதனை. மூன்று வயர் உள்ள பிரஷர் சென்சரிலும், இஞ்செக்டர் வயரிலும் இந்த விளையாட்டு வேண்டாம். இஞ்செக்டர் வயரில் ஆளை அடிக்கிற வோல்ட் வரும்.

உடனே நிறுத்த வேண்டியவை

கோட் பொய்யாக இருக்கலாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் ஒயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிந்தால் அது உண்மை என்றே எடுத்துக்கொண்டு அந்த நொடியில் இஞ்சினை நிறுத்த வேண்டும். "இந்த ஒரு பார லோட்டை ஏத்திட்டு நிறுத்துறேன்" என்று சொன்னவர்களின் கிராங் உருகி ஒட்டிக்கொண்ட கதைகள் உண்டு. நிறுத்தி ஒயில் அளவைப் பார்த்து, மெக்கானிக்கை வரவழைத்து, சென்சரைக் கழற்றிய இடத்தில் முள் காட்டுகிற கேஜ் ஒன்றை மாட்டி அளக்கச் சொல்லுங்கள். கேஜ் நல்ல அளவு காட்டினால் சென்சர் பொய். காட்டாவிட்டால் சென்சர் உங்கள் இஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறது.

கொதிப்புக்கு அப்படி இல்லை. அங்கே திடீரென்று நிறுத்தக் கூடாது. பக்கெட்டைத் தரையில் வைத்து, வேகத்தைக் குறைத்து, சூடு இறங்கும் வரை சும்மா ஓடவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. பிறகு பெல்ட்டைப் பாருங்கள், ரேடியேட்டர் இடுக்கில் தூசியும் சருகும் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

பழைய இயந்திரம் வாங்கப் போகும்போது

விற்கிறவர் கோட்டை அழித்துவிட்டுத்தான் காட்டுவார் என்று நினைத்துக்கொண்டே போங்கள். பிசி200-8இல் 4ஆம் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று அமுக்கினால் மெக்கானிக் பார்க்கிற பக்கம் திறக்கும். அதில் பழைய கோட்கள் எத்தனை தடவை, எத்தனையாவது மணியில் வந்தன என்று பதிவு இருக்கும். மின்சாரக் கோட்களை அழிக்கலாம். ஆனால் கொதிப்பு, ஒயில் பிரஷர் குறைவு போன்ற இயந்திரக் கோட்களின் பதிவை அந்தப் பக்கத்தில் அழிக்க முடியாது. மணி மீட்டர் 6,000 காட்டும்போது பதிவில் 9,000ஆவது மணியில் கொதித்ததாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. எதுவுமே பதிவில் இல்லை, மொனிட்டரோ கொம்பியூட்டரோ மட்டும் புத்தம் புதுசாகப் பளபளக்கிறது என்றாலும் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

பழைய பல்ப் மொனிட்டர் உள்ள இயந்திரங்களில் சாவி போட்டதும் எல்லா விளக்கும் சில நொடி ஒன்றாக எரிந்து அணைய வேண்டும். ஒயில் விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்ப் பியூஸா, யாரோ பிடுங்கினார்களா என்று விசாரிக்க வேண்டும். சூட்டுச் சென்சர் கனெக்டரையும் ஒருமுறை பாருங்கள். சென்சருக்குப் பதிலாகச் சின்ன மின்தடை ஒன்றை ஈயம் வைத்து ஒட்டி, எப்போதும் நல்ல சூடு காட்டும்படி செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள். இஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வருத்தத்தை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து, ஒரு மணித்தியாலமாவது மண் வெட்ட விட்டுப் பாருங்கள். சும்மா ஓடும்போது விழாத ரெயில் பிரஷர் கோட் பாரம் இழுக்கும்போதுதான் விழும்.

மெக்கானிக் வரும் முன்னே

கெபினில் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனாவும் இருக்கட்டும். கோட் விழுந்தால் சாவியை அணைக்கும் முன்னே முழு எண்ணையும் எழுதுங்கள். டெலிபோனில் படம் பிடித்தாலும் சரி. எத்தனையாவது மணி, என்ன வேலை, சரிவா சமதரையா, மழையா வெயிலா, டீசல் எவ்வளவு, கடைசியாக யார் எதைக் கழற்றினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தக் கோட் இப்போது நிற்கிறது, எது பழைய பதிவு என்பதைப் பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. பழைய பதிவைப் பார்த்துச் சாமான் மாற்றிப் பணம் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சில பேர் ஸ்கேனரைப் போட்டு, கோட்டை அழித்து, "சரி பண்ணியாச்சு" என்று காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அழிப்பது என்பது புத்தகத்தில் 12 கிலோ என்று எழுதியதை அழிறப்பரால் அழிக்கிற மாதிரி. அதனால் கூடையில் கொழுந்து கூடாது. அழிக்கும் முன்னே எழுதினாரா, எந்த இடத்தில் என்ன அளவு எடுத்தார், திருத்திய பிறகு பாரம் இழுத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் சாமானின் எண் எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

ஒப்பரேட்டராக இருக்கிற தம்பிமார், ஓட்டுவதோடு நிற்காமல் இந்தப் பக்கத்தையும் படித்தால் சம்பளமும் வேறு, மரியாதையும் வேறு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஊடாக, வேலை செய்துகொண்டே திறமையைக் காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்கள் காரியாலயத்துக்கு வாருங்கள்.

இயந்திரம் வாங்கும்போது அதோடு வந்த கைநூலையும் கேட்டு வாங்குங்கள். ஜப்பான் மொழியில் இருந்தால் அந்த மொடலுக்கான ஆங்கிலக் கைநூலைத் தேடிப் பிடியுங்கள். கோட் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் போட்டோ கொப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கெபின் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.